ஏழாம் நம்பர் சீட்டு

நைனா,

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து பேசியவன், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு டக்கென்று போனை வைத்துவிட்டாய். "அவுங்க போர்டு வூட்ல கீறாங்கன்னுதானே உனக்கு எளக்காரம்" என்றாய். தை மாதம் லீவில் வரும்போது, நான் வந்தாலும் வராவிட்டாலும் ரிஜிஸ்டர் ஆபீஸில் ஷாலினியைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. கோபம் ஒன்றுமில்லை. நீ நினைக்கிற காரணம் தப்பு. சரியான காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நடுவில் நீ குறுக்கே பேசுவாய், சாக்குக் கிடைத்தது என்று நானும் நிறுத்திவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பும்படி உன் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் படித்தாலும் ஒன்றுமில்லை, முந்தாநாள் அவரிடமும் சொல்லியாகிவிட்டது. டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் மறுபடி போடவில்லை.

முதலில் பொய்களை எடுத்துவிடுகிறேன். எட்டு மாதமாக உனக்கு நான் சொன்ன காரணம் எதுவும் உண்மையில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றேன். எந்த ஜோசியரிடமும் நான் போகவில்லை, ஷாலினி என்ன நட்சத்திரம் என்றுகூட எனக்குத் தெரியாது. ராயபுரம் ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு நைட் டூட்டி வரும், குடும்பத்துக்கு ஒத்துவராது என்றேன். நானே விடியற்காலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுப் போய் வேலை பார்த்தவள், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? அவர்கள் இருக்கிற எர்ணாவூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பைப் பற்றி நான் வாயால் எதுவும் சொல்லவில்லை என்றாலும், நீ அப்படி நினைத்துக்கொண்டபோது மறுக்கவும் இல்லை. கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை, பேச்சு அதோடு முடிந்தால் சரி என்று இருந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் பயம் அவள் அம்மா கஸ்தூரியிடம்.

கஸ்தூரியும் நானும் மாத்தூர் தாண்டி ஒரு ஹேச்சரியில் ஒன்றாக வேலை செய்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்ததெல்லாம் கேட்டுக்கு வெளியேதான், உள்ளே எங்கள் வேலை என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கிற இடம் அது. இருபத்தோராம் நாள் மிஷினிலிருந்து தட்டுத் தட்டாகக் குஞ்சு வெளியே வரும். முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். சேவல் முட்டை போடாது, அந்த ஜாதிச் சேவல் கறிக்கும் தேறாது. ஆகவே ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, பெட்டையா சேவலா என்று பார்த்து, பெட்டையை இடதுபக்கப் பெட்டியிலும் சேவலை வலதுபக்கப் பெட்டியிலும் போட வேண்டும். ஆறு பெண்கள், ஆறு மேஜை, ஆளுக்கொரு விளக்கு. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு, எல்லாம் ஒரே மஞ்சள். பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பார்க்க இரண்டு வழி. ஒன்று றெக்கை. குஞ்சின் றெக்கையை விசிறி மாதிரி விரித்தால் முளை இறகு இரண்டு வரிசை தெரியும். கீழ்வரிசை நீளமாகவும் மேல்வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சேவல். பழகிய கைக்கு இரண்டு மூன்று விநாடி போதும், பக்கத்து மேஜைக்காரியிடம் கதை பேசிக்கொண்டே தள்ளலாம். ஆனால் இது எல்லாக் கோழிக்கும் செல்லாது. அதற்கென்றே தாயும் தகப்பனும் பார்த்துச் சேர்த்த ஜாதியில்தான் இறகு அப்படி முளைக்கும். மற்ற ஜாதிக் குஞ்சுக்கு இரண்டாவது வழிதான். பின்புறத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, எச்சத்தை வெளியேற்றி, விளக்கடியில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு இருந்தால் சேவல். அழுத்தம் கூடினால் குஞ்சு செத்துவிடும், குறைந்தால் ஒன்றும் தெரியாது. றெக்கை பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பின்புறம் பார்ப்பதில் கஸ்தூரியை மிஞ்ச ஆளில்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை, பின்னால் வரப்போவது புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்படித் தள்ளிய சேவல் குஞ்சு ஒன்று நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது, ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உனக்கு ஏழு வயசு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒருவன் கூடையில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் தோய்த்த குஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். நீ அழுது புரண்டு ரோஸ் கலரில் ஒன்று வாங்கிவந்து, இது பெரிசானதும் முட்டை போடுமா, எனக்கு ஆம்லெட் போட்டுத் தருவாயா என்று கேட்டாய். நான் துணி அலசிக்கொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சேவல் என்றேன். தொட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்றாய். தெருவில் பெட்டை விற்க மாட்டார்கள், இதெல்லாம் நாங்கள் வேண்டாமென்று தள்ளியது என்றேன். நீ இரண்டு நாள் அழுதாய். மூன்றாம் நாள் குஞ்சு செத்துப்போனது, சாயக் குஞ்சு பெரும்பாலும் அப்படித்தான். அந்த மூன்று நாளும் பெட்டை என்றே சொல்லியிருந்தால் எனக்கென்ன குறைந்துபோயிருக்கும்? சின்னப் பிள்ளையிடம் அத்தனை உண்மை பேசியவள்தான், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி மாத்தூரிலேயே வாடகைக்கு இருந்தாள். விடியற்காலையில் அவள் வந்து எங்கள் கதவைத் தட்டுவாள், இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். உன் அப்பா கன்டெய்னர் லாரியோடு எண்ணூர் ரோட்டில் க்யூவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வராமலிருக்கும்போதெல்லாம் அவள் குழம்புதான் உனக்குச் சோறு. உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள். என்னைவிட இரண்டு வயசு சின்னவள். கணக்காகப் பேசுவாள், அதிகம் சிரிக்க மாட்டாள், சிரித்தால் நிறுத்தமாட்டாள். நாங்கள் சேர்ந்து சிரித்ததற்காக மேனேஜர் எங்கள் மேஜைகளைப் பிரித்துப் போட்டதும் உண்டு. அப்படியும் இரண்டு மேஜை தள்ளியிருந்து கண்ஜாடையிலேயே பேசிக்கொள்வோம்.

இப்போது சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு குஞ்சு நிரம்பியதும் ஒரு அட்டைப்பெட்டி மூடப்படும். மூடுவதற்குமுன் பிரித்தவள் தன் நம்பர் அச்சடித்த சின்னச் சீட்டு ஒன்றைத் தேதி எழுதி உள்ளே போட வேண்டும். விட்டுப் போனவர்களையும் சேர்த்து, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி என் நம்பர் நாலு, கஸ்தூரி ஏழு. பெட்டை என்று அனுப்பிய பெட்டியில் சேவல் வந்தால், பண்ணைக்காரர்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும், கொண்டை சிவந்து எழும்பும்போது. அப்போது சீட்டைத் திருப்பி அனுப்புவார்கள், யார் கை தப்பு என்று ஹேச்சரியில் கண்டுபிடிப்பார்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறினால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, மேனேஜருக்குத் தெரியாமல். வேலை நேரத்தில் வெளியே போகக் கூடாது என்று சட்டம். ஆனால் வீடு, பிள்ளை என்று இருப்பவர்களுக்கு அவசரம் வராமலிருக்குமா? யாராவது பின்கேட் வழியாகப் போனால், அவள் மேஜையில் இன்னொருத்தி உட்கார்ந்து, போனவளின் சீட்டையே பெட்டியில் போட்டு வேலையை ஓட்டுவாள். போனவளுக்கு அன்றைய பெட்டி குறையக் கூடாது. நீ எனக்குச் செய், நான் உனக்குச் செய்கிறேன் என்ற கணக்கு. ஆறு பேரும் செய்தோம். உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நீ சிப்பாய் வேஷம் கட்டியபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது என் மேஜையில் நாலாம் நம்பர் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தது கஸ்தூரிதான்.

பதினாறு வருஷத்துக்குமுன் ஒருநாள். காலையில் மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு விஷயம் சொன்னார். புதுப் பண்ணையிலிருந்து வேறு ஜாதி முட்டை கொஞ்சம் வந்திருக்கிறது, அந்தக் குஞ்சுத் தட்டுகளில் நீல சாக்பீஸால் கோடு போட்டிருக்கும், அதற்கு றெக்கை பார்க்காதீர்கள், பின்புறம்தான் பார்க்க வேண்டும் என்றார். அந்தத் தட்டுகளைக் கஸ்தூரி மேஜைக்கே அனுப்பச் சொன்னார், அவள் கை அப்படி. அவள் எட்டுப் பெட்டி முடித்திருந்தாள், அதில் நீலக்கோடு இரண்டும் உண்டு. அந்த நேரத்தில் ஷாலினிக்குக் காய்ச்சல் ஏறிக் கிளாஸில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. கஸ்தூரி என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், அவள் பின்கேட் வழியாகப் போனாள். நான் என் மேஜையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு அவள் மேஜையில் உட்கார்ந்தேன்.

தட்டு வந்தது. நான் கோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கை பழக்கத்தில் ஓடியது. றெக்கையை விரிப்பதும் தள்ளுவதுமாக விறுவிறுவென்று போனது. முதல் பெட்டி நிரம்பியது, அவள் சீட்டைப் போட்டு மூடினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதி ஆனபோதுதான் எனக்கு உறைத்தது, வலதுபக்கப் பெட்டியில் சேவலே இல்லை. எப்போதும் பாதிக்குப் பாதி வரும், அன்று எல்லாமே பெட்டையாக வந்துகொண்டிருந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தேன், நீலக்கோடு. அந்த ஜாதியில் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே மாதிரி இறகுதான். நான் தள்ளியதில் பாதி சேவல் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். எழுந்து போய் மேனேஜரிடம் சொல்லி, பெட்டிகளைப் பிரித்து, இருநூற்றைம்பது குஞ்சையும் மறுபடி பார்த்திருக்க வேண்டும். வேன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். சொன்னால் கஸ்தூரி எங்கே என்று கேட்பார், அவள் மாட்டிக்கொள்வாள், அவளுக்காகவாவது சும்மா இருப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தைப் பல வருஷம் கையில் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. றெக்கை பார்ப்பதில் ராணி என்று பெயர் வாங்கியவள், சாக்பீஸ் கோட்டைக்கூடப் பார்க்காமல் மூன்று பெட்டி தள்ளினாள் என்று மற்ற நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான். மூன்றாவது பெட்டியையும் நிரப்பி, ஏழாம் நம்பர் சீட்டைப் போட்டு மூடினேன். மத்தியானம் கஸ்தூரி திரும்பி வந்தாள். குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது, அக்கம்பக்கத்தில் விட்டு வந்திருக்கிறேன் என்றாள். மூன்று பெட்டி போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துச் சீட்டு திரும்பி வந்தது. பண்ணைக்காரரே நேரில் வந்து சத்தம் போட்டார், பெட்டை என்று வாங்கியதில் இத்தனை சேவலா என்று. எந்தப் பெட்டியில் எத்தனை என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. அன்றைக்கு ஏழாம் நம்பர் பெட்டி எல்லாம் ஒரே கொட்டகையில் விடப்பட்டு ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. மேனேஜர் கஸ்தூரியைக் கூப்பிட்டு மேஜைமேல் சீட்டுகளைப் பரப்பினார். நான் என் விளக்கடியில் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், காது அங்கேதான். அவள் சீட்டில் தேதியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, என் மனசு வேலையில் இல்லை, என் கைதான் தப்பு என்றாள். நடுவில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள் என்று அவள் சொல்லவே இல்லை. சொன்னால் என் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் அவள் என்னிடம் சொன்னது இது: "நீ போட்ட மூணும் கரெக்டாதான் இருந்திருக்கும். நீல கோடு ரெண்டு நான் பாத்தேன்ல, அதுலதான் இன்னாவோ ஆயிருக்கு." நான் ஜன்னல் பக்கம் திரும்பி மணலி ரோட்டில் போகிற டேங்கர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், உளறியாவது இருப்பேன். அவள் என்னை நம்பினாள், அது எனக்கு வசதியாகப் போயிற்று. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமானது அந்த ஆட்டோவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான். குஞ்சை மாற்றித் தள்ளியது யாருக்கும் நடக்கக்கூடியது.

அதன்பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். வாடகை கட்ட முடியாமல் அவர்கள் எர்ணாவூர் குடியிருப்பில் மூணாவது மாடிக்குப் போனார்கள். அவள் இறால் கம்பெனிக்கு உரிக்கப் போனாள், ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்க. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும் என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை. அவள் புருஷன் இறந்தபோது போனேன், கூட்டத்தோடு கூட்டமாக நின்று திரும்பிவிட்டேன். நடுவில் செங்குன்றம் பக்கம் புது ஹேச்சரி ஒன்றில் பின்புறம் பார்க்க ஆள் தேடினார்கள். என்னைக் கேட்டார்கள், நான் கஸ்தூரி பெயரைச் சொன்னேன். ஏதோ பரிகாரம் செய்துவிட்டதாக அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். நானோ அதே மேஜையில் இன்னும் பதிமூன்று வருஷம் இருந்தேன், மற்றவர்களுக்குத் தலைவியானேன், கண் மங்கிய பிறகுதான் நின்றேன்.

இந்த நிலையில்தான் நீ ராயபுரத்தில் படகு கட்டும் போட்யார்டில் வெல்டிங் வேலைக்குப் போய்வந்த நாளில் எண்ணூர் ரயிலில் ஷாலினியைப் பார்த்தாய். ஊரில் எத்தனை பெண்கள் ரயிலில் போகிறார்கள்! ஒருநாள் வீட்டுக்கு வந்து, அம்மா, நம்ம கஸ்தூரி அத்தை பொண்ணு என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ அவளைக் கட்டினால் நான் கஸ்தூரிக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலைத் தட்டு மாற்ற வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் என்னை இன்னும் நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், என் பிள்ளை என்பதாலேயே உன்னை நம்பி அவள் பெண்ணைக் கொடுப்பாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் உன் கல்யாணத்தைக் கெடுத்தாவது தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். உன் சந்தோஷத்தைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது, நைனா. அம்மா என்றால் அப்படி இருக்க மாட்டாள் என்று நினைக்காதே, இருந்தேன்.

நீ போனை வைத்த மறுநாள் ஒன்று யோசித்தேன். நீ என்னை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டால், அந்தப் பெண் காலம் பூராவும் தன் வீட்டைப் பார்த்து மாமியார் ஒதுக்கினாள் என்றே நினைப்பாள். என்னால் அந்தக் குடும்பம் இரண்டாம் தடவையும் பழி சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி எர்ணாவூர் போனேன். ஷாலினி டூட்டிக்குப் போயிருந்தாள். கஸ்தூரி கதவைத் திறந்து, கல்யாண விஷயமாகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து முகமெல்லாம் மலர்ந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், டீ போட்டாள். டீயைக் குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கஸ்தூரி, அன்னிக்கு உன் சீட்ட போட்டு மூணு பொட்டி தள்ளுனேனே, அது மூணுந்தான் தப்பு. றெக்க பாத்தே தள்ளிட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நீல கோடு போட்டு இருந்துச்சே. பாக்கலியா நீ?" என்றாள்.

"மூணாவது பொட்டில பாத்துட்டேன்."

கீழே தண்ணி லாரி வந்து குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. அவள் குடமும் காலியாகத்தான் இருந்தது, போகவில்லை. பிறகு, தான் பார்த்த நீலக்கோட்டுத் தட்டு இரண்டும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். உன்னுடையதில் ஒன்றுகூடத் தப்பிருக்காது, எல்லாம் என் பெட்டிதான் என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அதையே சொன்னேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்துப் போனவள் நான், இதற்குத் தயாராக இல்லை.

"செங்குன்றத்துல கூப்டாங்கோ, போவல. இறால் கம்பெனில தரம் பிரிக்கக் கூப்டாங்கோ, சூப்பர்வைசர் வேல, அதுக்கும் போவல. எங்க போனாலும் தப்பு பண்ணிடுவேன்னு என் கண்ண நானே நம்பாம பதினாறு வருஷம் உரிச்சிக்கினு இருந்தேன். என் பொண்ணு, தனக்குக் காய்ச்சல் வந்ததாலதான் அம்மாவுக்கு வேல போச்சுன்னு நெனச்சிக்கினு வளந்திச்சு. அத்த இன்னா பண்றது நான்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வேலை போனதுதான் நான் செய்த கெடுதல் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையை அவளிடமிருந்தே பிடுங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

அந்தக் காய்ச்சலைப் பற்றி ஷாலினி உன்னிடமும் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நீயும் அதெல்லாம் உன் தப்பில்லை என்று ஆறுதல் சொல்லியிருப்பாய். யார் தப்பு என்று தெரியாமலே சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவளுக்கு உடனே போன் போடாதே. அவளிடம் சொல்ல வேண்டியவள் அவள் அம்மா, அதற்கு இரண்டு நாள் விடு. என்மேல் உனக்கு வரப்போகிற கோபத்தையும் அடக்கிவைக்க வேண்டாம், ஆனால் அதை அவள்முன் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே. உனக்கு என் ரோஷம் கொஞ்சம் உண்டு. தப்பு செய்தால் ஒத்துக்கொள்வதற்குள் உன் முகம் எத்தனை கோணலாகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் அதைப் பழகிக்கொள்ளாதே. சாம்பாரில் உப்பு அதிகம் என்பது மாதிரிச் சின்ன விஷயத்திலேயே ஆரம்பித்துவிடு, பெரியது வரும்போது வாய் திறக்கும்.

நான் எழுந்தபோது கஸ்தூரி வாசல்வரை வந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள், இதெல்லாம் தெரிந்துதான் அவன் கட்டிக்கொள்கிறானா என்று. தெரியாது என்றேன். அப்படியானால் நீயே எழுது, வேறு யார் வாயாலும் அவனுக்குத் தெரியக் கூடாது, படித்துவிட்டு அவன் வந்து கேட்கட்டும், நான் கொடுக்கிறேன் என்றாள். என் பெண் ஆசைப்பட்டுவிட்டாள், உன் மகன் நல்ல பையன், அதில் எனக்கு மாற்றமில்லை என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள், முரட்டுத்தனமாக அல்ல, மெதுவாக.

"சம்பந்தியா வா, பாய் போட்டு உக்கார வெக்கிறேன். தோஸ்தா வராத. அது முடிஞ்சிபோச்சு" என்றாள்.

மூன்று மாடியும் இறங்கி வந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உனக்கு வழி விட்டாகிவிட்டது, தையில் வா. முதல் தடவை நீ தனியாகப் போய்க் கேள், நான் கூட வரவில்லை. தேதி குறித்தபின் முறைப்படி தட்டோடு நான் வருவேன், உன் அப்பாவும் வருவார். கல்யாணத்தன்று கஸ்தூரியும் நானும் பட்டுக் கட்டிக்கொண்டு மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம், வந்தவர்களை வாங்க வாங்க என்போம், போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னால் சிரிப்போம். ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும், அவள் பெண்ணுக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் போட்டோவைப் பார்க்கும்போது, அவள் என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று பாருங்கள். அந்த இடைவெளி அவளுக்கும் எனக்கும் நடுவில் முன்பு இருந்ததே இல்லை.

உன் அம்மா